ஈர நெல்லை மேலே வையுங்கள்: சிம், டேட்டா விற்கப் புதிதாக வந்தவர்களுக்கு

சம்மாந்துறைப் பக்கம் அறுவடை நேரத்தில் நெல் வாங்க வருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். குவியலின் மேலே கிடக்கும் நெல்லை அவர் பார்ப்பதே இல்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். மணி உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம்.

நபி (ஸல்) அவர்களும் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகும்போது இப்படித்தான் கையை உள்ளே விட்டார்கள். விரல்கள் நனைந்தன. "மழை பட்டுவிட்டது" என்றார் வியாபாரி. "மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர்" என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. நாம் விற்கும் டேட்டா பெக்கேஜுக்கும் மேல் உண்டு, அடி உண்டு.

கல்முனையில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய எழுத்தில் ஜிபி கணக்குப் போட்டு ஒரு நோட்டீஸ் அடித்தேன். அதில் பாதிக்கு மேல் இரவு டேட்டா என்பது அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு ராத்தா போனோடு வந்து நின்றார். தையல் காசில் மகளின் ஒன்லைன் வகுப்புக்காக வாங்கியது, பகல் டேட்டா முடிந்துவிட்டது. நோட்டீஸைக் காட்டி, "தம்பி, நீங்க பொய் சொல்லல்ல, அது தெரியும். ஆனா நான் கேட்கல்ல எண்டதால நீங்களும் சொல்லல்லயே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறைதான் கீழே இருப்பது.

படி 1: முதலில் நீங்களே கையை உள்ளே விடுங்கள்

விளம்பரம் எழுத உட்காருமுன் ஒரு தாளில் பெக்கேஜின் அடியை எழுதுங்கள். வரியோடு கையிலிருந்து போகும் காசு எவ்வளவு? எத்தனை நாள்? எந்த நேரத்தில் பாவிக்கலாம்? எல்லாவற்றுக்குமா, சில செயலிகளுக்கு மட்டுமா? டேட்டா முடிந்தால் நின்றுவிடுமா, ரீலோட் காசைத் தின்னத் தொடங்குமா? அடுத்த மாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா? இதில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் அன்றைக்கு அந்தப் பெக்கேஜை விற்காதீர்கள். மேலதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

படி 2: ஈரத்தை மேலே வைத்து எழுதுங்கள்

அல்குர்ஆனில் 33:70 "நேரான சொல்லைச் சொல்லுங்கள்" என்கிறது. அரபியில் கவ்லன் ஸதீதா. உதாரணத்துக்கு ஒரு பெக்கேஜை எடுப்போம். வழக்கமாக இப்படி எழுதுவோம்:

"மாதம் முழுக்க 40 ஜிபி! 1,000 ரூபாய் மட்டுமே! நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் வாசிக்கிறவர் மனதில் பதிவது உண்மை இல்லை. இதைப் பிரித்து எழுதுங்கள்:

"எந்த நேரமும் 15 ஜிபி. நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை மட்டும் 25 ஜிபி. 30 நாள். வற் வரியோடு 1,180 ரூபாய்."

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதை "வரி தவிர்த்து" என்று ஓரத்தில் போடுவதை விட, கூட்டி ஒரே தொகையாகச் சொல்வதுதான் நேர். இப்படி எழுதினால் விற்பனை விழும் என்று உங்கள் கடைக்காரர் சொல்லலாம். என் அனுபவத்தில் வாங்கிப்போகிறவர் கொஞ்சம் குறைவார், சண்டைக்குத் திரும்பி வருகிறவர் நிறையவே குறைவார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவாகச் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத், அதாவது இறையருள், உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது.

படி 3: ஆளைக் கேட்டு, அவருக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள்

4:63இல் வரும் கவ்லன் பலீகா, உள்ளத்தில் போய்ச் சேரும் சொல். ஒலுவில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இரவு டேட்டா நல்ல பெக்கேஜ். இரவில் தோணியோடு கடலில் நிற்கும் சாய்ந்தமருதுக் காக்காவுக்கு அதனால் என்ன பயன்? "யார் பாவிக்கப் போறது, எந்த நேரம்?" என்று கேட்டுவிட்டுப் பெக்கேஜைப் பற்றி வாயைத் திறவுங்கள். ஜிபி என்றால் விளங்காதவரிடம், எத்தனை மணி நேரம் வீடியோ பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

படி 4: கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள்

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமலும் சலாம் சொல்லாமலும் நுழையாதீர்கள் என்கிறது 24:27. அடுத்த வசனம், "திரும்பிப் போங்கள்" என்றால் திரும்பிவிடச் சொல்கிறது. போன் அழைப்பும் வட்ஸ்அப் செய்தியும் ஒருவருடைய வீட்டுக்குள் நுழைவதுதான். ரீலோட் போடத் தந்த இலக்கத்தை விளம்பரக் குழுவில் சேர்க்காதீர்கள். "வேண்டாம்" என்றவருக்கு மறுபடி அனுப்பாதீர்கள்.

நேரத்துக்கும் வழி இருக்கிறது. அதிகாலைப் பஜ்ர் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வு, இரவு இஷா தொழுகைக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுக்குள் இருக்கும் சிறுவர்களே அனுமதி கேட்டு வரவேண்டும் என்கிறது 24:58. அந்த வேளைகளில் நான் யாருக்கும் அழைப்பு எடுப்பதில்லை. தமிழ் வாடிக்கையாளரின் கோவில் திருவிழா நாளுக்கும் இதே மரியாதைதான்.

படி 5: தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்

"உங்கட ஊர்ல சிக்னல் நல்லா இருக்கும்" என்று கடைக்குள் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். ரவுட்டர் விற்கப் போனால் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் பின் அறை வரை நடந்து பாருங்கள். முற்றத்தில் நான்கு கோடு காட்டும் இடத்தில், கொங்கிரீட் தட்டுப் போட்ட அறைக்குள் ஒன்றுதான் காட்டும். அதை அவருக்கும் காட்டுங்கள். "வல்லாஹி, நல்ல பெக்கேஜ்" என்று சத்தியமும் வேண்டாம். சத்தியம் சரக்கை விற்கும், பரக்கத்தை அழிக்கும் என்று எச்சரிக்கை இருக்கிறது. மற்றக் கம்பனியைப் பழித்துப் பேசுவதும் வேண்டாம்.

இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். நோன்பு மாதத்தில் துஆவையும் வசனத்தையும் போட்டு, கீழே பெக்கேஜ் விலையை எழுதுகிறோம். அந்த நோட்டீஸ் மறுநாள் வடை சுற்றும் தாளாகிறது, வடிகான் ஓரத்தில் கிடக்கிறது. வசனத்தை விளம்பரத்தில் ஒட்டாதீர்கள்.

படி 6: கோபத்தோடு வருகிறவருக்கு

கொடுக்க எதுவும் இல்லாதபோதும் இதமான சொல்லைச் சொல்லுங்கள் என்கிறது 17:28. காசு வெட்டுப்பட்டதென்று வந்தால் கதிரையைக் கொடுங்கள், போனை வாங்கி, கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும் கட்டணச் சேவைகள் இருக்கின்றனவா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். இருந்தால் நிறுத்திக் கொடுங்கள். உங்களால் முடியாததென்றால் முடியாது என்று உடனே சொல்லி, எங்கே முறையிடலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கடைசியாக அனுப்பிய விளம்பரத்தை எடுங்கள். வீட்டில் உம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, "என்ன விளங்கிச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விலையும் நாளும் நேரமும் படி 1இல் எழுதிய தாளோடு பொருந்தினால் அனுப்பலாம். பொருந்தாவிட்டால் படி 2.