ஜப்பான் போகப் பயணக் கையேடு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டதும் புத்தகக் கடைக்குப் போய், ஃபுஜி மலையும் செர்ரிப் பூவும் அட்டையில் உள்ள கையேட்டைப் படங்களுக்காகவே வாங்கிவிடுகிறவர்கள் நிறைய. படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அந்நிய ஊர் ரயில் நிலையத்தில் வழி தெரியாமல் நிற்கும்போது கைகொடுக்குமா என்று பார்த்துத்தான் கையேட்டை வாங்க வேண்டும். அதைக் கடையில் நின்றே சோதித்துவிடலாம்.

முதலில் ஆண்டு. இணையக் கடையில் காட்டும் தேதி சில நேரம் மறுஅச்சின் தேதியாக இருக்கும். உள்பக்கத்தில் எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு என்று பாருங்கள். அப்புறம் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் பற்றிய பக்கத்தைத் திறங்கள். நாடு முழுக்க ஜேஆர் ரயில்களில் போக உதவும் இந்தப் பாஸ், 7 நாளுக்கு 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்வர சுமார் 28,000 யென்தான். பழைய விலையில், கூட ஓரிரு ஊர் சேர்த்தாலே பாஸ் லாபம். இப்போது அந்தப் பயணத்துக்குப் பாஸ் எடுத்தால் பெரிய நஷ்டம். "வந்ததும் முதல் வேலையாகப் பாஸ் வாங்குங்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் புத்தகம் பழைய கணக்கில் எழுதப்பட்டது. டோக்கியோவின் சுகிஜி மீன் சந்தையில் அதிகாலை டுனா மீன் ஏலம் பார்க்கலாம் என்று இருந்தால் அது இன்னும் பழசு. அந்த மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரிலேயே டொயோசு பகுதிக்கு மாறிவிட்டது. சுகிஜியில் மிச்சம் இருப்பது பழைய சந்தையைச் சுற்றியிருந்த கடைகள்தான்.

ஆண்டைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று நாம் கேட்பதே இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் ஆங்கிலக் கையேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குறுகிய காலச் சுற்றுலாவுக்கு அவர்களுக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். ஜப்பான் பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள், மின்னழுத்தம் 100 வோல்ட். அமெரிக்கருக்கு அடாப்டர் அநேகமாகத் தேவையில்லை என்பதால் புத்தகமும் அப்படியே சொல்லும். நம் உருண்டைக் கம்பி பிளக் அங்கே நுழையாது. போன் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் போதும். ஆனால் 230 வோல்ட்டுக்கான குட்டி ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனால், அதற்குக் கிடைப்பது வழக்கமான சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். சோறு வேகாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவுப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். காய்கறி உணவகங்களின் பட்டியல் மட்டும் போதாது. 'தாஷி' என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். காயவைத்த மீன் சீவல் போட்டு எடுக்கும் சாறு அது. மிசோ சூப்பிலும் உடான் நூடுல்ஸ் குழம்பிலும் பெரும்பாலும் அதுதான் அடிப்படை. மேலே டோஃபுவும் கீரையும் மிதப்பதைப் பார்த்து சைவம் என்று நினைத்துவிடுவோம். தாஷியை விளக்கி, கடல்பாசியும் காளானும் கொண்டு சாறு எடுக்கும் பௌத்த மடாலயச் சமையலான ஷோஜின் ரியோரி எங்கே கிடைக்கும் என்றும் சொல்கிற புத்தகம் என்றால் நம்பி வாங்கலாம். "மீனும் இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீன் சாறும் வேண்டாம்" என்ற வாக்கியம் ஜப்பானிய எழுத்திலேயே அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. ஆங்கில எழுத்தில் இருப்பதை நாம் தப்பும் தவறுமாகப் படிப்பதைவிட, பக்கத்தைத் திறந்து கடைக்காரரிடம் நீட்டிவிடலாம்.

இடப்பெயர்களும் இப்படி ஜப்பானிய எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது; முகவரி பகுதி எண், மனை எண் என்று போகும். டோக்கியோவின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்துக்கு 200க்கு மேல் வாசல்கள். "நிலையத்திலிருந்து 5 நிமிட நடை" என்ற குறிப்பால் என்ன பயன்? எந்த வாசல் என்று சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் டோக்கியோ, கியோட்டோ மட்டும் போகிறவர்களுக்கு நாடு முழுவதற்குமான தடிப் புத்தகம் சுமைதான். நகரக் கையேடு போதும்.

எந்தப் பதிப்பகத்தை நம்புவது என்று குழப்பமாக இருந்தால், அதே வரிசையின் இந்தியப் புத்தகத்தைக் கடையிலேயே எடுத்து உங்களுக்குத் தெரிந்த ஊரைப் படியுங்கள். மதுரைக்காரர் என்றால் மீனாட்சி அம்மன் கோயில் நடை மதியம் சாத்துவதைச் சொல்கிறதா, மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களைக் குழப்பாமல் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நம் ஊரைப் பற்றி அக்கறையில்லாமல் எழுதியவர்கள் கியோட்டோவை மட்டும் ஒழுங்காக எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பத்து வருடப் பதிப்பை நான் ஒதுக்கமாட்டேன். கோயில் வரலாறு, குளியல் விடுதியில் நடந்துகொள்ளும் முறை போன்ற பக்கங்கள் அதில் இன்றும் செல்லும். அவற்றைக் கிளம்பும் முன் வீட்டிலேயே படித்துவிடலாம். கட்டணம், நேரம், ரயில் விவரங்களுக்கு மட்டும் புதிய பதிப்பையோ அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தையோ பாருங்கள். மின்னூலாக வாங்குவதானால், முதலில் மாதிரிப் பக்கங்களை இறக்கி, வரைபடத்தில் வாசல் எண்கள் உங்கள் போனில் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.