ஷாக்வேவ் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன்

பிறப்புறுப்பின் வாசலில் மாதக்கணக்காக நீடிக்கும் எரிச்சலை நம் சேலம் பகுதிப் பெண்கள் பலர் உடம்புச் சூடு என்றோ வெள்ளைப்படுதல் என்றோ எண்ணிக்கொண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவியே ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். அந்த வலிக்கு ஷாக்வேவ் எனப்படும் அதிர்வலைச் சிகிச்சை உண்டென்று கேள்விப்பட்டால், இயந்திரத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் வலி எதனால் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெளிவான காரணம் எதுவும் புலப்படாமல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியே வல்வோடினியா. தோல் வெளுத்து அரிப்பெடுக்கும் லைக்கன் ஸ்க்லீரோசஸ் வேறு நோய். அதற்கு முதல் மருந்து வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புதான். விருப்பமே இல்லாமல் உறுப்பில் பாலுணர்வுக் கிளர்ச்சி தோன்றி அடங்காமல் வதைக்கும் அரிய நிலையும் உண்டு. 2001-இல்தான் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அந்த நிலைக்குச் சிலரிடம் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் நரம்பு வேரில் உள்ள நீர்க்கட்டி காரணமாக இருப்பதால், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் இறங்கும்போது உட்கார உட்கார வலி கூடுகிறதா, எழுந்து நின்றால் குறைகிறதா, வண்டியின் அதிர்வு கிளர்ச்சியைத் தூண்டுகிறதா என்ற விவரங்கள், நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறதா என்று மருத்துவர் ஊகிக்கப் பெரிதும் உதவும். வலியின் அளவை 0 முதல் 10 வரை நாள்தோறும் எழுதுங்கள்.

பிறகு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்களுக்கு நம்பிக்கையான வேறிடத்திலோ மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு, வலிக்கும் இடத்தைக் கண்டறிவார்கள். பெண் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்று கேட்பதும், தாங்க முடியாதபோது பரிசோதனையை நிறுத்தச் சொல்வதும் உங்கள் உரிமை. திருமணமாகாதவர்களுக்கும் இந்த வலி வரும். அதற்காகக் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டாம்.

1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கற்களை உடைக்க முதன்முதலில் பயன்பட்ட அதே வகை ஒலியலைகளை, ஷாக்வேவ் சிகிச்சையில் மிகக் குறைந்த ஆற்றலில், ஜெல் தடவிய தோலின் மேல் கருவியை வைத்துச் செலுத்துகிறார்கள். புதிய இரத்தக் குழாய்கள் உருவாகவும் திசு ஆறவும் அது தூண்டுகிறது என்பது கருதுகோள். பெண்களிடம் இதுவரை நடந்த ஆய்வுகள் சிறியவை. எனவே இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பு, நரம்பு வலி மாத்திரை ஆகியவற்றை முறையாகப் பார்த்த பிறகே இதை நினைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், அவ்விடத்தில் புண், தொற்று அல்லது புற்றுநோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

சம்மதிக்கும் முன், கருவி அலைகளை ஓரிடத்தில் குவிக்கும் வகையா (focused), பரப்பிச் செலுத்தும் வகையா (radial), எத்தனை அமர்வுகள், மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஆய்வு என்றால் இந்தியாவின் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். எல்லா அமர்வுகளுக்கும் முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்; ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் நோட்டிலுள்ள எண்களை மருத்துவரோடு சேர்ந்து பார்த்து, வலி குறைந்திருந்தால் மட்டும் அடுத்ததற்கு நாள் குறியுங்கள்.