முள்ளம்பன்றியையும் கங்கை டால்பினையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு முள்ளம்பன்றி பழகிய விருந்தாளி. ராத்திரியில் வந்து உருளைக்கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும். விடிந்தால் பாத்தியில் ஒன்றிரண்டு முள் கிடக்கும். கங்கை டால்பினை இங்குள்ள பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பள்ளி புராஜெக்டுக்காக இரண்டையும் ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தால் எளிதில் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, பெயரை நம்பிவிடுவது. முள்ளம்பன்றி பன்றியே இல்லை. மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என வாழ்நாள் முழுக்க வளரும் வெட்டுப்பற்கள் அதற்கு உண்டு. எலியும் அணிலும் சேர்ந்த கொறிணி வரிசைதான் அதன் இடம் (வரிசை என்பது உறவுள்ள விலங்குக் குடும்பங்களின் தொகுப்பு). டால்பின் மீன் இல்லை, பால் கொடுக்கும் விலங்கு என்பது பலருக்கும் தெரியும். எந்த வரிசை என்று கேட்டால்தான் தடுமாற்றம். இரட்டைக் குளம்பு விலங்குகளோடுதான் இன்று அதை வைக்கிறார்கள்; மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. பன்றியும் அதே வரிசை! பன்றிக்கு முள்ளம்பன்றியைவிட டால்பின் கிட்டத்து உறவு என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பெயரையும் தோற்றத்தையும் பார்த்து இன்னொரு இடத்திலும் ஏமாறலாம்: முள்ளெலியும் மூஞ்சூறும் கொறிணிகள் அல்ல. பூச்சி தின்னும் வேறு வரிசை.

அப்புறம் பாதுகாப்பு நிலை. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் முள்ளம்பன்றி கவலை குறைந்த இனம், கங்கை டால்பின் அருகிய இனம். கவலை குறைந்தது என்றால் பிடிக்கலாம் என்று பொருள் இல்லை. அந்தப் பட்டியல் வேறு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. சட்டம் முள்ளம்பன்றியையும் காக்கிறது. தோட்ட ஓரத்தில் வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டிச் சாகிறது என்பதை நம் மலையில் யாரும் மறக்கக் கூடாது.

கொறிணி என்றாலே ஆபத்தில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, மிளகு தின்னும் முள்முடி எலி ஒன்று அழியும் வாய்ப்புள்ள இனமாகவே பட்டியலில் இருக்கிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் தவறு. 2025இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள். அதில் மூன்று மட்டும் பியாஸ் ஆற்றில் வாழும் சிந்து டால்பின்கள், தனி இனம். ஆறாயிரம் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஒரு பேற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் சில ஆண்டுக்கு ஒருமுறை. மீன்வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துபோகும். குறுக்கே தடுப்பணை கட்டினால் மேலே இருப்பவை மேலேயே, கீழே இருப்பவை கீழேயே என்று கூட்டம் துண்டுபட்டுவிடும்.