தென்னை நிழலில் ஓர் ஏத்தன் இலை: ஒளிச்சேர்க்கையை விரிதாளில் கணக்கிடலாம் வாங்க

குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்தில் எங்கள் விளையில் தென்னைக்கு அடியில் ஏத்தன் வாழை நிற்கிறது. ஒரு நாள் உச்சி வெயிலில், ஒளியின் அளவை லக்ஸில் காட்டும் ஆப்பைத் திறந்து போனை ஓர் இலையின் மேல் மல்லாக்க வைத்தேன். காற்றில் ஓலை ஆட ஆட, சின்ன வெயில் பொட்டு ஒன்று இலையின் நடுநரம்பைத் தாண்டி ஊர்ந்து வந்தது. பொட்டு போனின் மேல் ஏறியதும் 1,08,000 லக்ஸ். அது விலகியதும் 10,800. அரை நிமிடத்துக்குள் பத்து மடங்கு ஏற்ற இறக்கம்.

இந்த இலை அந்த நேரத்தில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்திருக்கும்? ஒரு விரிதாளும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும், நாமே மதிப்பிட்டுவிடலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எது இருந்தாலும் சரி.

படி 1: லக்ஸை மாற்றுங்கள்

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிகப் பிரகாசம். இலைக்குக் கணக்கு வேறு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியில் எத்தனை ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுகிறது என்பதுதான் முக்கியம். அதை ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று சொல்வார்கள் (மைக்ரோமோல் என்பது துகள்களை எண்ணும் ஓர் அலகு). நேரடிச் சூரிய ஒளி என்றால் லக்ஸை 54 ஆல் வகுத்தால் ஏறக்குறைய இந்த அளவு கிடைக்கும். என் இரண்டு அளவுகளும் 2000, 200 என்று மாறின. தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஏறத்தாழ 2000 வரை போகும்.

இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சில போன்களின் உணரி ஓர் அளவுக்கு மேல் ஏறாது. வெயில் கூடியும் எண் அசையாமல் நின்றால் அந்தப் போனை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அப்புறம், இலைகளுக்கு ஊடே வடிகட்டி வரும் நிழலில் சிவப்பும் நீலமும் ஏற்கெனவே உறிஞ்சப்பட்டிருக்கும், பச்சைதான் மிச்சம். அங்கே 54 ஆல் வகுத்தால், இலைக்குப் பயன்படும் ஒளியைக் கூடுதலாகக் காட்டும். பழகுவதற்கு இது போதும். ஆராய்ச்சிக்கு என்றால் ஃபோட்டான் எண்ணும் உணரியே வேண்டும்.

படி 2: நான்கு எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒளி கூடக் கூட ஒளிச்சேர்க்கையும் கூடும், ஆனால் நேர்க்கோட்டில் இல்லை. முதலில் கிடுகிடுவென ஏறும், பிறகு வளைந்து தட்டையாகும். இந்த வளைகோட்டின் உருவத்தை நான்கு எண்களே தீர்மானிக்கின்றன.

சரிவு: குறைந்த ஒளியில் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது. 0.05 என்று வைப்போம். அதாவது 100 ஃபோட்டான் விழுந்தால் 5 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு சேரும். நெல், வாழை, ரப்பர் எல்லாம் சி3 வகைத் தாவரங்கள் (கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கும் முதல் படியில் மூன்று கார்பன் கொண்ட சேர்மத்தை உண்டாக்குபவை). அவற்றுக்கு இது நியாயமான மதிப்பு.

உச்சம்: எவ்வளவு ஒளி கொடுத்தாலும் தாண்ட முடியாத கூரை. வெயிலில் வளர்ந்த இலைக்கு 20 என்று எடுப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடு என்று பொருள். இனி வரும் வரவு, செலவு எல்லாம் இதே அலகில்தான்.

சுவாசம்: இலை தானே செலவழிப்பது. 1.

வளைவு: கோடு மெதுவாக வளைகிறதா, முழங்கை மாதிரி சட்டென்று மடங்குகிறதா என்பதைச் சொல்லும், 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண். நிஜ இலைகளுக்குப் பெரும்பாலும் 0.7 முதல் 0.9 வரை வரும். நாம் 0.8 வைப்போம்.

இவை கற்றுக்கொள்வதற்காக நான் எடுத்த மாதிரி எண்கள். உங்கள் விளையில் நிற்கும் மரத்தின் சொந்த எண்கள் வேண்டுமானால், இலையைக் கவ்விப் பிடித்து வாயுவை அளக்கும் கருவி வேண்டும். அது பல லட்சம் ரூபாய்.

படி 3: சூத்திரம்

விரிதாளின் முதல் நெடுவரிசையில் ஒளியை இறக்குங்கள்: 0, 20, 50, 200, 500, 1000, 2000. பக்கத்தில் இந்த மூன்று கணக்கையும் வரிசையாகப் போடுங்கள்.

கூட்டு = சரிவு × ஒளி + உச்சம்

மொத்தம் = (கூட்டு − √(கூட்டு² − 4 × வளைவு × சரிவு × ஒளி × உச்சம்)) ÷ (2 × வளைவு)

நிகரம் = மொத்தம் − சுவாசம்

நான்கு எண்களையும் சூத்திரத்துக்குள் தட்டச்சு செய்துவிடாதீர்கள். தனிக் கட்டங்களில் வைத்து, அந்தக் கட்டங்களை $B$1 என்பதுபோல டாலர் குறியிட்டுப் பூட்டிக் குறிப்பிடுங்கள். பிறகு மாற்றிப் பார்க்க அதுதான் வசதி.

சரியாகப் போட்டிருந்தால் இப்படி வரும்: ஒளி 0 என்றால் −1. 20 என்றால் ஏறக்குறைய 0, அதாவது வரவும் செலவும் சமம். இதற்கு ஒளி ஈடுசெய் புள்ளி என்று பெயர். 50க்கு 1.4, 200க்கு 7.7, 500க்கு 14.2, 1000க்கு 17.0, 2000க்கு 18.1. கடைசி இரண்டையும் பாருங்கள். வெயில் இரட்டிப்பானது, வரவு 1.1 தான் கூடியது.

இப்போது உச்சத்தை 6, சுவாசத்தை 0.3 ஆக்குங்கள். நல்லமிளகுக் கொடி போல நிழலிலேயே வளரும் செடியின் இலை ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருக்கும். 2000இல் இதற்கு 5.6 தான், வெயில் இலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 50இல் இது 1.9, வெயில் இலை 1.4. இருட்டான இடத்தில் சிக்கனக்காரன் ஜெயிக்கிறான். மரத்தடியில் கொடி சுகமாகப் படர்வதற்கு இந்தக் குறைந்த சுவாசச் செலவு ஒரு பெரிய காரணம்.

படி 4: ஒளியைச் சராசரி எடுக்காதீர்கள்

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்தப் படிதான். நிதானமாகப் படியுங்கள்.

வெயில் பொட்டு விழுந்த அந்த இலைக்குத் திரும்புவோம். பாதி நேரம் 2000, பாதி நேரம் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியின் சராசரி 1100. அதைச் சூத்திரத்தில் போட்டால் 17.2 வரும். நானும் முதலில் இப்படித்தான் போட்டேன்.

இனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். 2000க்கு 18.1, 200க்கு 7.7. சராசரி 12.9. அதே இலை, அதே அளவு ஒளி, ஆனால் முதல் கணக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டிவிட்டது. கோடு வளைந்திருப்பதால் வரும் வேலை இது. 2000இல் கூரையை முட்டிய பிறகு வீணாகும் ஒளியை, 200இல் பட்டினி கிடக்கும் நேரத்துக்கு இலை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் சராசரி எடுக்கும்போது நாம் அப்படி எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

நம் மாவட்டத்தில் இதை விட்டுவிடவே முடியாது. ஜூனில் தொடங்கும் சாரல் காலத்தில் மேகம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் சுள்ளென்று வெயில், மறு நிமிடம் மூட்டம். அதுவும் போதாதென்று தென்னை, ரப்பர், வாழை எனப் பல அடுக்காகப் பயிர் வைக்கிறோம். ஒரு நாளின் மொத்த ஒளியை ஒரே எண்ணாக்கிக் கணக்கில் போட்டால் விடை எப்போதும் மிகையாகத்தான் வரும். நிமிடத்துக்கு ஓர் அளவு எடுத்து, முதலில் ஒளிச்சேர்க்கை, பிறகு சராசரி. இந்த வரிசை மாறக் கூடாது.

இதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெல்லிய மேகம் ஒளியைச் சிதறடித்துப் பரவலாக அனுப்பும். மேல் இலைக்கு ஒளி கொஞ்சம் குறைந்தாலும் இழப்பு சிறிது, கீழ் இலைக்குக் கிடைப்பது பெரிது. மூட்டமான நாள் என்றாலே பயிருக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

படி 5: வெப்பமும் காற்றின் வறட்சியும்

ஒளி மட்டும் போதாது. குலசேகரத்தின் ஈரக் காற்றும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் இலைக்கு ஒன்றல்ல. காற்று உலர்ந்திருந்தால் இலை தன் துளைகளை ஒடுக்கிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடும் குறையும்.

காற்றின் வறட்சியைக் கணக்கிட, முதலில் அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய முழு நீராவி அழுத்தம் வேண்டும். 28 டிகிரியில் அது 3.78 கிலோபாஸ்கல், 34 டிகிரியில் 5.32. ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பற்றாக்குறை 20 சதவீதம். ஆகவே 28 டிகிரியில் வறட்சி 0.76. அதுவே 34 டிகிரி, 50 சதவீதம் என்றால் 2.66.

இனி உச்சத்தைக் குறைக்க இரண்டு காரணிகள். எளிமைக்காக நான் வைத்தவை இவை. வறட்சி 1 வரை குறைப்பு இல்லை, அதற்கு மேல் நேர்க்கோட்டில் இறங்கி 3இல் பாதி. வெப்பத்துக்கு: 1 − ((வெப்பநிலை − 28) ÷ 18)². சுவாசம் 25 டிகிரியில் 1, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரு மடங்கு.

34 டிகிரி வறண்ட பகலுக்கு வறட்சிக் காரணி 0.585, வெப்பக் காரணி 0.89. உச்சம் 20இலிருந்து 10.4 ஆகிறது. சுவாசம் 1.87. ஒளி 2000 என்றால் நிகரம் 8.3. ஈரமான 28 டிகிரியில் அதே ஒளிக்கு 17.9. பாதிக்கும் மேல் போய்விட்டது! ஒளி 200 என்றால் 7.4இலிருந்து 5.2க்குத்தான் இறங்குகிறது. வறட்சி கூரையைத்தான் தாழ்த்துகிறது. கூரையைத் தொடாத இலைக்கு அடி குறைவு.

இந்த மாதிரியில் இல்லாதவை

நிழலில் இருந்த இலைமேல் வெயில் பொட்டு விழுந்ததும் அது உடனே முழு வேகம் எடுக்காது. துளைகள் திறக்கவும் நொதிகள் விழிக்கவும் பல நிமிடம் ஆகும். நம் சூத்திரம் அந்தத் தாமதத்தைக் காணாது, அதனால் 12.9கூட நிஜத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். சரிவும் வெப்பத்தோடு மாறும், அதையும் விட்டுவிட்டோம். இலைக்குள் நடக்கும் வேதியியலையே கணக்கில் கொண்டுவர ஆசைப்பட்டால், ஃபார்குவார், வான் கேமரர், பெரி மூவரும் 1980இல் வெளியிட்ட மாதிரிதான் அடுத்த படிக்கட்டு. இன்றைக்கும் உலகம் முழுக்க அதுவே அடித்தளம்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கு உங்கள் விளையில் ஒரே இலையின் மேல் போனை வைத்து, காலை 11 மணியிலிருந்து 12 வரை நிமிடத்துக்கு ஒரு முறை லக்ஸைக் குறியுங்கள். அறுபது வரி வரும். முதலில் ஒவ்வொரு வரிக்கும் நிகரத்தைக் கணக்கிட்டு அதன் சராசரியை எடுங்கள். பிறகு ஒளியின் சராசரியை மட்டும் சூத்திரத்தில் போட்டு, இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.