நேபாளச் சிறுவர் இல்லத்தில் நீண்ட நாள் தொண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வாரம் போய்ப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் தவறு, ஓராண்டு தங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. நீண்ட நாள் தங்குபவரால் வரும் கெடுதல் வேறு வகை. அது மெதுவாக வருவதால் அவர் கண்ணுக்கே படுவதில்லை.

முதல் தவறு கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது: இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாம் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் என்று எண்ணிக்கொள்வது. நேபாள இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் குறைந்தது 85 சதவீதம் பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக யுனிசெஃப் கூறியிருக்கிறது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். “நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்” என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். உயிரோடு இருந்த பெற்றோருக்கு இறப்புச் சான்றிதழ் தயாரித்ததும் உண்டு. போர் முடிந்தும் இந்தத் தொழில் நிற்கவில்லை. இல்லங்களில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன். சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்கள்.

ஆகவே கட்டிலும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்று கேட்பதற்கு முன்னால், தசைன் விடுமுறைக்கு எத்தனை பையன்கள் ஊருக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை அது. நாடே ஊருக்குக் கிளம்பும். ஒருவனும் போவதில்லை, ஏன் என்பதற்கும் தெளிவான பதில் இல்லை என்றால், அந்த இல்லம் வேண்டாம். உங்கள் பின்னணியை விசாரிக்காமல், காவல்துறைச் சான்றிதழ் கேட்காமல், மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுக் கதவைத் திறக்கும் இல்லமும் வேண்டாம். சிறுவர்களிடம் தவறாக நடந்த வெளிநாட்டவர்கள் நேபாளத்தில் கைதாகியிருக்கிறார்கள். உங்களைச் சந்தேகிக்கும் இல்லமே பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும் இல்லம்.

விசா விஷயம் சிறியதுதான், ஆனால் பலர் சறுக்குவது அங்கேதான். சுற்றுலா விசாவில் ஓராண்டில் 150 நாளுக்கு மேல் தங்க முடியாது. சம்பளமில்லாத தொண்டுக்கும் அந்த விசா செல்லாது. இந்தியக் குடிமக்களுக்கு விசாவே தேவையில்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

உள்ளே போன பிறகு நடக்கும் பெரிய தவறு, இல்லத்தின் ‘தீதி’யை ஓரங்கட்டுவது. சமைத்து, துவைத்து, காய்ச்சலுக்குக் கண்விழிக்கும் அக்காதான் தீதி. காலை ஒன்பது மணிக்குப் பருப்பும் சோறும் போட்டுப் பத்து மணிப் பள்ளிக்கு அனுப்புகிறவர் அவர். அவர் “இன்று மோமோ கிடையாது” என்று சொல்வார். தொண்டர் மாலையில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுப்பார். தொண்டர் நல்லவராகிறார், தீதி கெட்டவராகிறார். ஓராண்டு கழித்து, பிள்ளைகள் ‘தாய்’ (நேபாளியில் அண்ணன்) என்று கூப்பிட்ட அந்தத் தொண்டர் விமானம் ஏறிவிடுவார். சொல்பேச்சுக் கேட்காத பையன்களோடு மிச்சமிருப்பவர் தீதி.

படுக்கையை நனைக்கும் எட்டு வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். உற்சாகமான தொண்டர் சுவரில் அட்டவணை ஒட்டி, நனைக்காத நாளுக்கு நட்சத்திரம் போடுவார். அந்தச் சுவரை அறையில் இருக்கும் எல்லாப் பையன்களும் படிப்பார்கள். தீதியோ மற்றவர்கள் எழுவதற்கு முன்பே மெத்தையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விடுவார். நீங்கள் குழந்தை உளவியல் படித்தவர் என்பதற்காக அட்டவணையை ஒட்டாதீர்கள். முதல் இரண்டு மாதம் தீதி செய்வதைப் பார்த்திருந்தாலே போதும். அதற்கு நேபாளி மொழி தெரிய வேண்டும். போன பிறகு பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்காமல் ஊரிலிருந்தே கற்றுக்கொண்டு போங்கள்.

தீதி செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. நேபாளம் 2018-இல் குழந்தைகளை அடிப்பதை வீடு, பள்ளி, இல்லம் என எல்லா இடத்திலும் சட்டப்படி தடை செய்தது; தெற்காசியாவில் அதுவே முதல் நாடு. கை ஓங்குவதைப் பார்த்தால் பிள்ளைகள் எதிரில் சண்டை போடாமல் அன்றே பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே பேச்சு எடுபடாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நேபாளத்திலும் உண்டு.

திகார் பண்டிகையின் கடைசி நாள் பாய் டீக்கா. சகோதரி வாசலில் அக்ரூட் உடைத்து, நெற்றியில் ஏழு வண்ணத் திலகம் இட்டு, நம் வாடாமல்லியையே மாலையாகக் கட்டிச் சகோதரன் கழுத்தில் போடுவாள். பையன்கள் மட்டும் இருக்கும் இல்லத்தில் பெண் தொண்டர்களை வரிசையாக உட்காரவைத்துத் திலகம் இடச் சொல்வார்கள். மனம் நெகிழும், படமும் அழகாக வரும். ஆனால் இவனுக்குச் சொந்தத் தங்கை இருக்கிறாளா, அவள் வேறொரு இல்லத்தில் இருக்கிறாளா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் அவள் இருந்தாலும், அழைத்துப் போக ஆள் இல்லாததாலேயே பார்க்காமல் வளரும் அண்ணன் தங்கைகள் உண்டு. பொறுப்பாளரின் அனுமதியோடு அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். அங்கே எடுக்கும் படத்தை முகநூலில் போடாதீர்கள்.

பதினாறு வயதுப் பையன்களிடம் “உன்னை எங்கள் நாட்டுக்கு அழைத்துக்கொள்கிறேன்” என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு உடனே தேவைப்படுவது குடியுரிமைச் சான்றிதழ். நேபாளத்தில் அது 16 வயதிலிருந்து கிடைக்கும். அது இல்லாமல் கடவுச்சீட்டு எடுக்க முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அதைப் பெறத் தந்தை அல்லது தாயின் சான்றிதழும் பிறப்புப் பதிவும் கேட்பார்கள். பெற்றோர் இறந்ததாகப் பொய்க் காகிதத்தோடு வந்தவன் இங்கேதான் மாட்டிக்கொள்கிறான். யார் யாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று பொறுப்பாளரோடு உட்கார்ந்து முதல் மாதமே பட்டியல் எடுங்கள். பையனை அடையாளம் சொல்ல ஊரில் இருக்கும் மாமாவையோ சித்தப்பாவையோ தொலைபேசியில் பிடித்து வார்டு அலுவலகத்துக்கு வரவைக்கவே மாதக்கணக்கில் ஆகும். அறுவடை நேரத்தில் அவர்கள் வரமாட்டார்கள்.