‘வயிறு சின்னதா இருக்கே?’: நிறைமாதப் பேச்சுகளைக் கையாள்வதில் நடக்கும் தவறுகள்

வளைகாப்பு முடிந்த கையோடு தொடங்கிவிடும். கலவை சாதம் சாப்பிட்டுக் கை கழுவி வரும் ஒவ்வொருவரும் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ‘வயிறு சின்னதா இருக்கே?’ ‘முகம் வாடியிருக்கு, பையன்தான்.’ ‘இன்னும் இறங்கலையா?’ சொன்னவர் பஸ் ஏறுவதற்குள் மறந்துவிடுவார். கேட்டவள் ராத்திரி இரண்டு மணிக்குப் புரண்டு படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

இதில் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, எல்லாப் பேச்சுக்கும் ஒரே பதில் வைத்திருப்பது. சிலர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வார்கள், சிலர் எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள். ஒரு பேச்சு வந்ததும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதனால் நான் சாப்பிடும் மாத்திரையோ, ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமோ மாறுமா? மாறாது என்றால் காதோடு விட்டுவிடலாம். மாறும் என்றால் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வயிற்றின் அளவை எடுத்துக்கொள்வோம். செக்கப்பில் டேப் வைத்து அளப்பது, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை உள்ள தூரம். 24 வாரத்துக்கு மேல் அது ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். 34 வாரத்தில் 32 முதல் 36 சென்டிமீட்டர் இருந்தால் சரி. பார்வைக்குச் சிறியதாகத் தெரிய வேறு காரணங்கள் உண்டு. உயரமான பெண்ணுக்கும், வயிற்றுத் தசை தளராத தலைப்பிரசவக்காரிக்கும் வயிறு அவ்வளவாக முன்தள்ளாது. அளவு வாரக் கணக்கைவிட நன்றாகக் குறைந்தால் டாக்டரே ஸ்கேன் எழுதுவார். அடுத்த செக்கப்பில் ‘எத்தனை சென்டிமீட்டர்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் கேட்பவரும் அடங்குவார், உங்களுக்கும் தூக்கம் வரும். ‘இறங்கலையே’ என்பதும் இப்படித்தான். முதல் குழந்தையின் தலை பெரும்பாலும் 36 வாரத்துக்குப் பிறகு இறங்கும். இரண்டாவது குழந்தைக்கு வலி எடுத்த பிறகுகூட இறங்கலாம்.

விட்டுவிடக் கூடாத பேச்சுகள்

‘நாள் நெருங்கிடுச்சு, உள்ள இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்.’ அன்பாகச் சொல்லப்படும் பேச்சுகளில் இதுதான் மிக ஆபத்தானது. உதைப்பது குறைந்து உருளுவதும் நெளிவதுமாக அசைவின் விதம் மாறலாம். ஆனால் பிரசவ நாள் வரைக்கும் எண்ணிக்கை குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் இடப்பக்கமாகப் படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியாவிட்டாலும் சரி, வழக்கமான துள்ளல் திடீரென்று அடங்கிவிட்டது என்று தோன்றினாலும் சரி, உடனே கிளம்ப வேண்டும். ‘விடியட்டும்’ என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

அடுத்தது ‘சூட்டு வலி’. வலி என்றதும் சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்து, நின்றுவிட்டால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி என்று பார்ப்பது வீட்டு வழக்கம். சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை, காத்திருப்பதுதான் சிக்கல். 37 வாரம் முடியாதவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் தலை மேலேயே இருப்பவர்கள், இரத்தமோ பனிக்குட நீரோ பட்டவர்கள் இந்தச் சோதனைக்கே உட்காரக் கூடாது. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கலாம்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் அது பிரசவ வலி.

வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். வலி வருகிறதோ இல்லையோ, வயிற்றுப்போக்கு நிச்சயம் வரும். நீர்ச்சத்து இழந்த உடம்போடு பிரசவ அறைக்குப் போவது யாருக்கும் நல்லதில்லை. நல்ல நட்சத்திரம் பார்த்து, மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்பே சிசேரியனுக்கு நாள் குறிப்பதும் தவறு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

தெரிந்ததை எல்லோர் முன்னாலும் நிரூபிப்பது

‘சத்து மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுத்துடும்’ என்று அத்தை சொல்கிறார். உண்மை நமக்குத் தெரியும்: நிறம் பெற்றோர் வழியாக வருவது, இரும்புச்சத்து மாத்திரையால் கறுப்பது மலம் மட்டும்தான். ஆனால் அதைக் கூடத்தில் நாலு பேர் நடுவே விளக்கினால், அத்தையின் காதில் ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்றுதான் விழும். பிறகு மாத்திரையை விட்டுவிட்டு மரியாதைதான் பேச்சாகிவிடும். சண்டைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதும், ஒளித்துவைத்துச் சாப்பிடுவதும் அதைவிடப் பெரிய தவறு.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர் கண்டிப்பா சாப்பிடணும்னு எழுதியிருக்காங்க அத்தை. அடுத்த செக்கப்புக்கு நீங்களும் வாங்க, நேர்லயே கேட்டுடலாம்.” முன்கூட்டியே நர்ஸிடம் ‘மாத்திரை விஷயத்தை அத்தை முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க சிஸ்டர்’ என்று சொல்லிவைத்தால் வேலை சுலபம். அப்படி வந்து கேட்டுப்போன பெரியவர்களே பிறகு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவார்கள். கூடவே ஒரு விஷயம்: அந்த மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

யார் யாரிடம் சொல்வது

‘அவளுக்குப் பிடிக்கலையாம்மா, அப்படியெல்லாம் சொல்லாதே’ என்று கணவர் தன் அம்மாவிடம் போய்ச் சொல்வது உதவியாகத் தோன்றும். உண்மையில் அது மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. சொல்வதைத் தன் பெயரில் சொல்ல வேண்டும்: “அம்மா, ஸ்கேன், செக்கப் பத்தி எது கேட்கணும்னாலும் என்கிட்ட கேளு. எடையைப் பத்தி அவகிட்ட பேச வேண்டாம்னு நான் சொல்றேன்.” தனியாக இருக்கும்போது, அடுத்த விருந்தாளி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாமியார் பேச்சைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். வளைகாப்புக்குப் பிறகு பெண் இருப்பது தாய் வீட்டில். அங்கே ‘நான் உன்னைப் பெத்தப்ப கடைசி நாள் வரைக்கும் தண்ணி இறைச்சேன்’ என்பது அம்மாவே சொல்வது, அதனால் இன்னும் ஆழமாகக் குத்தும். அம்மாவிடம் சுற்றி வளைக்கத் தேவையில்லை: “அம்மா, நீ பயந்தா எனக்கு ரெண்டு மடங்கு பயம் வருது. ராத்திரியில பிரசவக் கதை வேண்டாம்.” ஊர்க்காரர்கள் பயங்கரப் பிரசவக் கதையை ஆரம்பித்தால் “இருங்க, பாத்ரூம் போயிட்டு வரேன்” என்று எழுந்துவிடலாம். ஒன்பதாம் மாதத்தில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

டாக்டர் குறித்த தேதியை ஊருக்கே சொல்வதும் தவறுதான். அது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிய கணக்கு. அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. தேதி தாண்டிய மறுநாள் காலையிலிருந்து ‘இன்னும் வலி வரலையா?’ என்று போன் அடிக்கும். ‘ஆவணி கடைசி, புரட்டாசி முதல்ல’ என்று சொல்லுங்கள். விசாரிக்கும் எண்ணாகக் கணவரின் எண்ணைக் கொடுங்கள்.

ஆணா பெண்ணா என்ற ஆரூடத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். வயிற்றின் வடிவம் எதையும் சொல்லாது. ஸ்கேனில் கேட்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று தானே தன்னை அடக்கிக்கொள்வதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, படுத்தாலும் தூக்கம் வராமை இருந்தால் செக்கப்பில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். சாப்பாடு தர மறுப்பது, அடிப்பது, ஆஸ்பத்திரிக்கு விடாமல் தடுப்பது போன்றவற்றைக் குடும்பப் பேச்சு என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது, அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஒரு தாளில் இதை எழுதி ஒட்டிவையுங்கள்: இரத்தம், பனிக்குட நீர், அசைவுக் குறைவு, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகம் வீங்குதல், வலிப்பு. இதில் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும். கீழே 108-ம் ஆஸ்பத்திரி எண்ணும். ‘நிறைமாசத்துல இதெல்லாமா எழுதி ஒட்டுவாங்க, அபசகுனமா’ என்று யாராவது முகம் சுளித்தால், பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். கணவருக்கும் அம்மாவுக்கும் இடம் தெரிந்திருந்தால் போதும்.