மீன் உரசுகிறதா? மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள்

மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, கோய் மீனெல்லாம் குளத்துச் சுவத்துல உரசுது. என்ன மருந்து ஊத்தலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றேதான். "தண்ணிய டெஸ்ட் பண்ணியாப்பா?"

உரசினாலே ஒட்டுண்ணி என்று முடிவுகட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மீன் உரசுகிறது என்றால் அதற்கு அரிக்கிறது, அவ்வளவுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறினாலும் அரிக்கும். நீரின் அமில-கார அளவான பிஎச்சை நிலையாக வைப்பது கார்பனேட். அது குறைந்த குளத்தில் மழைநீர் விழுந்து பிஎச் சட்டென்று இறங்கினாலும் அரிக்கும். சிங்கப்பூரில் இன்னொன்றும் உண்டு: நம் குழாய் நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது. தண்ணீரை வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் செய்து பழகியவர்கள் இங்கும் அதையே செய்கிறார்கள். குளோரமின் அப்படிப் போகாது, அதை நீக்கும் கரைசலைப் போட்டே ஆக வேண்டும். செவுள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் மீன்மேல் ஃபார்மலின் என்ற ஒட்டுண்ணி மருந்தையும் ஊற்றினால், ஒட்டுண்ணியே இல்லாத குளத்தில் மருந்தே மீனைக் கொன்றுவிடும்.

தண்ணீர் சரியாக இருந்தும் உரசினால், அப்புறம் மீனைப் பாருங்கள். ரவை தூவியதுபோல உடலிலும் துடுப்பிலும் பொடிப் புள்ளிகள் இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனின் செவுள் மூடியில் வரும் சொரசொரப்பான வெள்ளைப் பொட்டுகளையும் சிலர் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். நூல்போல ஒன்று செதிலிலிருந்து தொங்கினால் நங்கூரப் புழு. தட்டையாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உருவம் ஒன்று தோலில் ஊர்ந்தால் மீன் பேன். ஒன்றுமே கண்ணில் படாமல், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் செவுள் தட்டைப்புழுவாகவோ ட்ரைக்கோடினா போன்ற நுண்ணுயிராகவோ இருக்கலாம். அதை மைக்ரோஸ்கோப்பில்தான் உறுதிசெய்ய முடியும். அதற்கும் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மீன் செத்ததும் ஒட்டுண்ணிகளில் பல உதிர்ந்துவிடும். உயிருள்ள மீனின் சளியைச் சுரண்டிப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

வெள்ளைப்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் மீன்களைப் பறிகொடுத்தது அதில்தான். மருந்து போட்ட நாலாம் நாள் புள்ளிகள் மறைந்தன, நானும் நிறுத்திவிட்டேன். அடுத்த வாரமே இரண்டு பங்காகத் திரும்பி வந்து மூன்று மீன்களைக் கொண்டுபோனது. நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் உயிரி. அங்கே அதை மருந்து தொடாது. தின்று முடித்ததும் உதிர்ந்து குளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, உறைக்குள் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும்போதுதான் மருந்தில் சாகும். அதாவது புள்ளி மறைந்த நேரம், அடுத்த படை கீழே தயாராகும் நேரம்.

குளிர்நாட்டுக் குளத்தில் இந்தச் சுழற்சிக்கு வாரக்கணக்கில் ஆகும். 28, 29 டிகிரி இருக்கும் நம் குளத்தில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். எனவே குளிர்நாட்டுக் கணக்கில் "வாரம் ஒருமுறை" என்று அச்சிட்ட புட்டியை அப்படியே நம்பினால், இரண்டு வேளை மருந்துக்கு நடுவில் ஒரு தலைமுறை தப்பிவிடும். நான் ஒன்றுவிட்டு ஒருநாள் மருந்து போடுகிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிடுவேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் மருந்தை நிறுத்தமாட்டேன்.

சூடான தண்ணீருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் சுமார் 7.5தான். ஃபார்மலின் அதையும் குறைக்கும், சூட்டில் அதன் நச்சும் கூடும். ஏர் பம்ப் இல்லாமல் மருந்து ஊற்றவே கூடாது. ஃபார்மலின் புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இன்னொரு குள மருந்தான பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் ஃபார்மலினையும் ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள்.

அளவை உத்தேசமாகப் போடுவதும் பெரிய தவறு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வரும். 2.5 மீட்டர் நீளம், 1.6 அகலம், 0.9 ஆழம் என்றால் 3,600 லிட்டர். அடுத்த முறை குளத்தைக் காலிசெய்து நிரப்பும்போது தண்ணீர் மீட்டரில் முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துக்கொண்டால் இன்னும் துல்லியம். மருந்தாக 0.3 சதவீத உப்புப் போடுவதென்றால் இந்தக் குளத்துக்கு 10.8 கிலோ. கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, அதனால் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் மறுபடி உப்புப் போடக் கூடாது. அல்லியும் ஆகாயத்தாமரையும் குளத்தில் இருந்தால் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபில்டரில் சியோலைட் கல் இருந்தால் அதையும் எடுங்கள். உப்பு பட்டால், அது பிடித்துவைத்த அம்மோனியாவைத் திரும்பக் குளத்தில் விட்டுவிடும்.

நங்கூரப் புழுவை இடுக்கியால் பிடுங்குவதோடு வேலை முடியாது. முட்டை ஏற்கெனவே தண்ணீரில் இருக்கும். டைஃப்ளூபென்சுரான் என்ற மருந்து குஞ்சுகள் தோலுரிக்க முடியாமல் செய்யும், ஒட்டியிருக்கும் தாய்ப்புழுவைக் கொல்லாது. ஆகவே இரண்டும் தேவை. இந்த மருந்து இறால்களையும் கொல்லும் என்பதால், மாற்றும் தண்ணீரை வாசல் கால்வாயில் விடாதீர்கள். நம் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. கழிவறையில் ஊற்றுங்கள். நோயுற்ற மீனைப் பாவம் என்று நீர்த்தேக்கத்தில் விடுவதும் இங்கே சட்டப்படி குற்றம்.

இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் புதிதாக வாங்கிவந்த ஒரு மீன்தான். தீபாவளிக்கு முன் பாசிர் ரிஸ் பக்கம் போய், அழகாக இருக்கிறது என்று ஒன்றை வாங்கி அன்றைக்கே குளத்தில் விடுகிறோம். மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி. இரண்டாவது வலை வாங்க வழியில்லை என்றால், குளத்தில் இறக்கும் முன் இருக்கிற வலையை வெயிலில் முறுமுறுவென்று காயவிடுங்கள்.